சத்தத்தைத் தேடிப் போகிறவர்கள்

மேற்கு வங்கத்தின் பேகுன்கோடர் ரயில் நிலையம், வெள்ளைப் புடவைப் பெண் உலவுகிறாள் என்ற பேச்சால் 1967-இல் மூடப்பட்டது. 2009-இல்தான் மறுபடி ரயில் நின்றது. 2017 டிசம்பர் இறுதியில் பகுத்தறிவாளர்கள் ஒன்பது பேர் டார்ச், கேமரா, டிஜிட்டல் திசைகாட்டியோடு இரவில் அங்கே போய்க் காத்திருந்தார்கள். கட்டடத்தின் பின்னாலிருந்து விசித்திரமான சத்தம். ஓடவில்லை; சத்தத்தைத் தேடிப் போனார்கள். பயமுறுத்த ஒளிந்திருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்!

சத்தத்தை நோக்கி எடுத்துவைத்த அந்த அடி எவ்வளவு அழகு.

நம் திண்டுக்கல் ஜங்ஷனிலும் நள்ளிரவில் இந்த வித்தை பழகலாம். பகல் வெயிலில் விரிந்த தகரக் கூரை இரவில் சுருங்கி ‘டக்’கென்று சொடுக்கும். மலைக்கோட்டைப் பக்கக் காற்று காலி பாட்டிலை உருட்டும். கேட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, சரக்கு வண்டி கடந்து போகும்வரை பொறுத்திருந்து, மறுபடி காது கொடுக்க வேண்டும். பாதிப் பேர் அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர்தான் ஆய்வாளர்கள்.

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூருக்கு இந்தப் பொறுமை நிறைய இருந்தது. பேய் பிடித்த வீடு என்று அழைத்தால், அவர் முதலில் விசாரித்தது அந்த வீட்டு மனிதர்களைத்தான்.