படிமமும் கல்லும்

படிமம் தன் காலிலேயே நிற்கும், அதற்கு வெளியிலிருந்து விளக்கமோ ஆதாரமோ வேண்டியதில்லை என்பது நம் சிறுபத்திரிகை உலகில் ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. மேடைக் கவிதையின் கூச்சலுக்கும் பிரச்சாரத்தின் நேர்ப்பேச்சுக்கும் எதிராக அப்படி ஒரு நிலையை எடுக்க வேண்டியிருந்தது, எடுத்ததும் சரி. ஆனால் எதிர்ப்பாகப் பிறந்த கருத்து நாளடைவில் வசதியாகிப் போகும்போது அதை மறுபடி சோதித்துப் பார்ப்பது விமர்சனத்தின் வேலை. இந்தச் சோதனைக்குக் கவிதையை விட்டுச் சற்று விலகி, புகைப்படத்தை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் துருவப் பிரதேசங்களுக்கு நிலவியல் ஆய்வாளர்களோடு போன ஆரம்பகாலக் காமிராக்களை. அங்கே படிமத்தைத் தேடிப் போனவரும் கல்லைத் தேடிப் போனவர்களும் ஒரே குடிசையில் வாழ்ந்தார்கள். பார்த்ததும் ஏறக்குறைய ஒன்றைத்தான். கொண்டுவந்தது வேறு வேறு.

1910-ல் ஸ்காட்டின் தலைமையில் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்ட டெர்ரா நோவா பயணத்தில் ஹெர்பர்ட் பாண்டிங் இருந்தார். புகைப்படக்காரர் என்ற சொல் அவருக்குப் போதவில்லை. 'காமிராக் கலைஞர்' என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். அதே கப்பலில் கிரிஃபித் டெய்லர், ஃப்ராங்க் டெபன்ஹாம், ரேமண்ட் ப்ரீஸ்ட்லி என்று மூன்று நிலவியலாளர்களும் போனார்கள். 1911 ஜனவரி 5-ஆம் தேதி பாண்டிங் எடுத்த ஒரு படம் உலகப் பிரசித்தம். பனிமலை ஒன்றின் குகைக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கிறது காமிரா. குகையின் வாய் ஒரு சட்டம்போல் வளைந்து நிற்க, அதற்கு அப்பால் தூரத்தில் கப்பல். குகை வாயில் இரண்டு மனித உருவங்கள். ஒருவர் டெய்லர், மற்றவர் இயற்பியலாளர் சார்ல்ஸ் ரைட்.

இந்தப் படத்தின் வெற்றியை யாரும் மறுக்க முடியாது. ஒளி, நிழல், வளைவு, தூரம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆனால் அந்த இரண்டு உருவங்களும் அங்கே என்ன செய்கின்றன? குகை எவ்வளவு பெரியது என்று நமக்குக் காட்டுவதற்காக நிற்கின்றன. ஒரு நிலவியலாளர் படத்துக்குள் வந்துவிட்டார். அவருடைய வேலை வரவில்லை, உயரம் மட்டுமே வந்திருக்கிறது. குளிரில் விறைத்துப்போகும்வரை பாண்டிங்குக்காக அசையாமல் நிற்பதற்குக் கூட இருந்தவர்கள் 'பாண்ட் செய்வது' என்று அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கேலி செய்தார்கள். கேலிக்குள் ஒரு விமர்சனம் இருந்தது. பார்ப்பதற்காக வந்தவர்களைப் பார்க்கப்படுகிறவர்களாக அந்தக் காமிரா மாற்றிக்கொண்டிருந்தது.

பாண்டிங்கின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கண்ணாடித் தகடுகளையும் கனத்த காமிராவையும் பனியில் இழுத்துக்கொண்டு அலைந்தவர். அந்தக் குளிரில் உலோகத்தைத் தொட்ட விரல் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அவருடைய நாக்கே காமிராவின் உலோகத்தில் ஒட்டித் தோல் உரிந்திருக்கிறது. வெளியிலிருந்து குடிசைக்குள் கொண்டுவந்த காமிராவின் மேல் ஈரம் படிந்து உறையும். இவ்வளவையும் தாண்டி எடுத்த படங்கள் அவை. கேள்வி உழைப்பைப் பற்றியதல்ல, பார்வையைப் பற்றியது.

இந்தப் பார்வையின் பிரச்சினை அந்தக் காலத் தகட்டின் ரசாயனத்திலேயே இருந்தது. தகடு நீல ஒளிக்கு மிகையாக இளகும், சிவப்பைக் கண்டுகொள்ளாது. பனியின் நுட்பங்கள் விழ வேண்டுமானால் கொஞ்ச நேரமே ஒளியை உள்ளே விடலாம்; அப்போது பக்கத்திலிருக்கும் பாறை வெறும் கருப்புப் பள்ளமாகிவிடும். பாறையின் அடுக்கும் கீறலும் தெரிய வேண்டுமென்று கூடுதலாக ஒளியை விட்டால் பனி வெள்ளைக் காகிதமாகிவிடும். வடிகட்டிகளைப் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். முழுக்கச் சமாளிக்க முடியாது. ஆகவே ஷட்டரைத் திறந்த ஒவ்வொரு முறையும், பனியா பாறையா என்று தீர்மானித்தாக வேண்டியிருந்தது. பாண்டிங்கின் பெயர் சொல்லும் படங்களில் பெரும்பாலானவை பனியின் பக்கம் சாய்ந்தவை. பனி பார்ப்பவனிடம் எதையும் கேட்பதில்லை, வியந்தால் போதும். பாறை தன்னை வாசிக்கச் சொல்கிறது.

வாசிக்கத் தெரிந்தவர்களும் படம் எடுத்தார்கள். 1911-ன் தொடக்கத்திலும், பிறகு 1911 நவம்பர் முதல் 1912 பிப்ரவரி வரையிலும் டெய்லரும் டெபன்ஹாமும் மேற்கு மலைகளில் அலைந்தார்கள். அங்கே வெளிர் மணற்கல் அடுக்குகளுக்கு நடுவே கருத்த டாலரைட் பாறை உருகிய குழம்பாகப் புகுந்து உறைந்து கிடக்கிறது. கருப்பு வெள்ளைப் படத்திலும் அந்த எல்லைக்கோடு தெரியும். இந்த வகைப் படங்களை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. மலைச்சரிவு, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டுக்காகவே படம் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவன் எதைக் காட்டுகிறான் என்று அவனுக்குத் தெரியும்.

நிலவியலாளர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் தன் சுத்தியலை வைத்துவிடுவார்கள். அளவு தெரிவதற்காக. சுத்தியல் இல்லாவிட்டால் கையகலக் கல்லும் மலைமுகமும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பனிக்குகைப் படத்தில் டெய்லர் நிற்பதும் அளவுக்காகத்தான் என்று சொல்லலாம். வித்தியாசம் இருக்கிறது. அங்கே மனிதன் குகையைப் பெரிதாக்கிக் காட்டுகிறான். சுத்தியல் எதையும் பெரிதாக்குவதில்லை, இருப்பது இவ்வளவுதான் என்கிறது. முதலாவது பிரமிப்பின் அளவுகோல், இரண்டாவது அறிவின் அளவுகோல். சுத்தியல் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: இந்தப் படம் முழுமையானதல்ல, இதற்கு வெளியே உள்ள ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும்.

அளவுகோல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஷாக்கிள்டனின் எண்டுரன்ஸ் பயணத்தில் போன ஃப்ராங்க் ஹர்லி உதாரணம். 1916 ஏப்ரல் 24-ஆம் தேதி எலிஃபண்ட் தீவிலிருந்து உதவி தேடிச் சிறு படகு ஒன்று புறப்பட்டது. கரையில் நின்றவர்கள் கையசைத்து வழியனுப்பினார்கள். ஹர்லி எடுத்த அந்தப் படம் பிற்பாடு திருத்தப்பட்டு, ஆகஸ்ட் 30-ஆம் தேதி அவர்களை மீட்க வந்த கப்பலை வரவேற்கும் காட்சியாக உலவியது. பிரிவும் மீட்பும் ஒரே கையசைப்பு. தன் காலிலேயே நிற்கும் படிமம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாண்டிங் 1912 மார்ச்சில் ஊர் திரும்பிவிட்டார். துருவம்வரை போகிற வழியை அவர் படமெடுக்கவில்லை. அவரிடம் காமிராவைக் கற்றுக்கொண்டவர்கள் எடுத்தார்கள். ஸ்காட் பியர்ட்மோர் பனியாற்றில் எடுத்த படங்கள் நெடுநாள் மறந்துபோய்க் கிடந்து 2011-ல்தான் புத்தகமாக வந்தன. துருவத்தில் 1912 ஜனவரி 18-ஆம் தேதி எடுத்த படம் பவர்ஸினுடையது. ஐந்து பேர், இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் பவர்ஸ் ஒரு நூலை இழுத்து ஷட்டரை இயக்குகிறார். இதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 1909 ஜனவரி 16-ஆம் தேதி, தென் காந்தத் துருவம் என்று கணித்த இடத்தில் நிலவியல் பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட் இதேபோல நூலை இழுத்துத் தன்னையும் மாசனையும் மக்கேயையும் படமெடுத்திருக்கிறார். காந்தத் துருவம் கண்ணுக்குத் தெரியாதது, இடம் மாறிக்கொண்டே இருப்பது. அந்தப் படத்தில் இருப்பது மூன்று களைத்த மனிதர்களும் ஒரு கொடியும் மட்டுமே. துருவம் படத்துக்கு வெளியே, கருவியின் ஊசியில் இருந்தது.

பவர்ஸின் படத்தைப் பார்க்கும் யாரும் கலங்காமல் இருக்க முடியாது. அமுண்ட்சென் முந்திக்கொண்டது அந்த முகங்களில் தெரிகிறது. திரும்பும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இரண்டாவது விஷயம் படத்தில் இல்லை. நாம் கொண்டுவந்து அதில் வைக்கிறோம்.

1912 நவம்பர் 12-ஆம் தேதி தேடிப் போனவர்கள் அந்தக் கடைசிக் கூடாரத்தைக் கண்டார்கள். நாட்குறிப்புகளோடு, கழுவப்படாத ஃபிலிமும் கிடைத்தது. சறுக்குவண்டியில் ஏறக்குறைய 16 கிலோ கற்கள் இருந்தன. பிப்ரவரி 8-ஆம் தேதி, பக்லி மலையின் அடியில் பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்த கற்குவியலில் வில்சனும் மற்றவர்களும் பொறுக்கியவை. உணவும் எரிபொருளும் குறைந்துகொண்டே போனபோதும், பின்னால் எவ்வளவோ சாமான்களைக் கழித்தபோதும், கற்களை அவர்கள் எறியவில்லை. கற்களை எறிந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த வாதம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. எதை எறியக் கூடாது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை என்பதே முக்கியம்.

ஃபிலிம் கேப் எவன்ஸ் குடிசையின் இருட்டறையில் கழுவப்பட்டது. பிறகு ஐந்து முகங்கள் ஒரு சாம்ராஜ்யத்தின் தியாகச் சின்னமாயின. பத்திரிகை, பள்ளிப் பாடம், யுத்தப் பிரச்சாரம் எல்லாவற்றுக்கும் அந்தப் படிமம் பயன்பட்டது. கல் அவசரப்படவில்லை. 1914-ல் தாவரவியலாளர் சீவர்ட் அதில் பதிந்திருந்த இலையை அடையாளம் கண்டு சொன்னார். ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, நாக்கு வடிவ இலை. பெயர் குளோசாப்டெரிஸ் இண்டிகா. நம் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் அதே இலை. பனியைத் தவிர வேறெதுவும் இல்லாத கண்டத்தில் ஒரு காலத்தில் காடு இருந்திருக்கிறது. அந்தக் காடும் இந்தியாவின் காடும் ஒரே நிலத்தில் நின்றிருக்கின்றன. அந்த நிலத்துக்கு ஆஸ்திரிய நிலவியலாளர் சூயஸ் 1885-லேயே, மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுடைய தேசத்தின் பெயரை எடுத்துக் கோண்ட்வானாலேண்ட் என்று பெயர் வைத்திருந்தார். பவர்ஸ் நூலை இழுத்ததற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், 1912 ஜனவரி 6-ஆம் தேதி, கண்டங்கள் நகர்கின்றன என்று வெக்னர் ஃப்ராங்க்ஃபர்ட்டில் முதன்முதலாகப் பேசினார். அவருடைய வாதத்துக்கு இந்த இலை பரவிக் கிடந்த விதமும் ஆதாரமாயிற்று. அவரும் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தவர்தான். உலகம் அவர் சொன்னதை ஏற்க 1960-கள் வரை பிடித்தது.

தமிழில் படிமம், படிவம், படிவுப்பாறை எல்லாவற்றிலும் 'படி' என்ற ஒலி கேட்கிறது. சேற்றில் இலை படிந்தது, தகட்டில் ஒளி படிந்தது. இரண்டும் பதிவுகளே. ஆனால் கல்லில் படிந்த இலையை எந்த மண்ணோடு, எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் எடுத்தார்கள் என்ற குறிப்போடு வைத்திருக்கிறோம். அதனால் அது பேசுகிறது. படம் மட்டும் தனியாகவே பேசிவிடும் என்று ஏன் நம்புகிறோம்?

ஒரு மறுப்பு வரும், நியாயமானதும்கூட. அந்த ஐந்து முகங்களைப் பார்த்திராவிட்டால் 16 கிலோ கல்லின் கனம் நமக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. படிமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே அந்தப் படம் தியாகப் பிரச்சாரத்திலிருந்து விடுபடுகிறது. அப்போது அவர்கள் தேசத்துக்காகச் செத்தவர்கள் என்பது பின்னுக்குப் போய், ஒரு இலையைச் சுமந்து வந்தவர்கள் என்பது முன்னுக்கு வருகிறது.

நம் கவிதைக்கு வருகிறேன். வங்கியில் நகைக் கடனுக்கு வருகிற நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்ப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். வேலைப்பாட்டை அவர் பழிப்பதில்லை, மயங்குவதுமில்லை. கல்லில் விழும் கீற்றைப் பார்க்கிறார். நம் பத்திரிகைகளில் வருகிற எத்தனையோ கவிதைகள் பனிக்குகைப் படங்கள். இருட்டு, வெளிச்சம், தூரத்தில் ஒரு கப்பல், பிரமித்து நிற்க ஒரு 'நான்'. அந்த 'நான்' அங்கே என்ன வேலையாக வந்தான் என்பதற்குக் கவிதையில் தடயமே இருப்பதில்லை. வேப்பமரமோ பேருந்தோ மழையோ எதுவானாலும், இன்ன ஊர், இன்ன வருஷம், இன்ன அளவு என்று சொல்கிற ஒரு சுத்தியல் பக்கத்தில் கிடந்தால் படிமம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம். உண்மையில் அப்போதுதான் அதை இன்னொருவன் எடுத்துப் படிக்க முடியும், மறுக்கவும் முடியும். மறுக்க வழியில்லாத படிமத்தை நம்பவும் வழியில்லை.

டெபன்ஹாம் 1920-ல் கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பாண்டிங்கின் நெகடிவ்களை 2004-ல் அந்த நிறுவனமே வாங்கி வைத்துக்கொண்டது. கலைஞரின் தகடுகள் நிலவியலாளர் தொடங்கிய இடத்தில், எண்ணும் தேதியும் இடக்குறிப்பும் ஒட்டப்பட்டு இருக்கின்றன. அந்தக் குறிப்புகளோடு பார்க்கும்போது பனிக்குகைப் படம் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.