இடைநிலை வகுப்புகளில் தமிழ்மொழிக் கல்வியின் நோக்கங்கள்: லுணுகலைத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

தாய்மொழிப் பாடத்தின் நோக்கங்களை வகுக்க முற்படுவோர் கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களிலிருந்தே தொடங்குவது வழக்கம். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையுள்ள கனிட்ட இடைநிலைக்கு இத்திறன்கள் தேர்ச்சிகளாகவும், தேர்ச்சி மட்டங்களாகவும் மேலும் பிரிக்கப்படுகின்றன. தேர்ச்சி மையக் கலைத்திட்டம் 2007ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்ததன் பின்னர் இப்பகுப்பு முன்னிலும் நுட்பமாயிற்று. பகுப்பிலே குறை காண்பது எளிதன்று. ஆயின் இந்நான்கு திறன்களும் எந்த மாணவனிடத்து, எத்தகைய மொழிச்சூழலில் வளர்க்கப்பட வேண்டியவை என்னும் வினா எழுப்பப்படாமலே பட்டியல் நிறைவு பெற்றுவிடுகின்றது. அவ்வினாவை எழுப்புவதற்கு ஊவா மாகாணத்தின் தோட்டப்புறம், குறிப்பாகப் பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பாதையில் அமைந்த லுணுகலைப் பகுதி, பொருத்தமானதோர் இடமாகும். ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் பிள்ளைகள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எனினும் பாடநூலின் தமிழ் அவர்தம் லயத்திலே ஒலிக்கும் தமிழன்று.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பினைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. ஆனால் அது கருதியது ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளை மட்டுமே. பத்து வயதுக்குப் பின் பிள்ளையின் இடம் கொழுந்து மலை என்பது எழுதப்படாத விதி. எழுத்தறிதல், சிறிது வாசித்தல், கூட்டல் கழித்தல் என்பவற்றுக்கு அப்பாற் செல்லும் நோக்கம் எதுவும் தோட்டப் பாடசாலைக்கு வகுக்கப்படவில்லை. வகுக்க வேண்டிய தேவையையும் துரைமார் உணரவில்லை. 1945இல் இலவசக் கல்வி நாட்டிலே நிலைகொண்டபோதும், 1960ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் அதற்காகக் குரல் கொடுக்கக்கூடிய அரசியற் பலத்தையும் பறித்துவிட்டிருந்தன. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையான பின்னர், 1977 முதற்கொண்டு கட்டங்கட்டமாகவே இப்பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன.

இதனின்றும் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. தோட்டப் பிள்ளை ஒரு சமூகமாக ஆறாம் தரத்தை எட்டியமை அண்மைக்கால நிகழ்ச்சியே. ஆனால் இடைநிலைத் தமிழ்ப் பாடத்தின் மரபு அதற்கு மிக முற்பட்டது. ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்த வழியிலே, நெல்வயலும் கோயிலும் கிணற்றடியும் சூழ்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளையை மனத்திருத்தி அம்மரபு வளர்ந்தது. அவ்வகையில் அது சிறந்த மரபே. பின்னர் வந்து சேர்ந்த பிள்ளைக்காக அதன் நோக்கங்கள் மீள எண்ணிப் பார்க்கப்பட்டனவா என்பதே ஈண்டு எழும் வினா.

இலக்கணக் கற்பித்தலிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். ஆகுபெயரை விளக்கும் ஆசிரியர் காலவாகுபெயருக்குக் ‘கார் அறுத்தான்’ என்பதை எடுத்துக்காட்டுவது பழைய வழக்கம். கார் என்னும் பருவத்தின் பெயர் அப்பருவத்தில் விளையும் நெல்லுக்கு ஆகி வந்தது. நெல் விளையும் ஊரின் மாணவனுக்கு இதில் ஐயம் எழாது. லுணுகலையின் தேயிலை மலையில் வளரும் மாணவன் காரையும் அறியான், அறுப்பையும் அறியான். எடுத்துக்காட்டை மனனம் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பான். அதே மாணவனின் தாய் அன்று மாலை வீடு திரும்பி, தனக்கு ‘அரைப் பேர்’தான் விழுந்தது என்று நொந்து கூறுவாள். தோட்டத்திலே பேர் என்பது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறிக்கும் சொல். வேலைக்கு வந்தவரின் பெயர் பதியப்படுதலால், பெயர் என்னும் சொல்லே உழைப்புக்கும் ஊதியத்துக்கும் ஆகி வந்துள்ளது. நிறை குறைந்தால் அந்தப் பெயரும் பாதியாகின்றது! ஆகுபெயரின் இயல்பை இதனினும் துலக்கமாக உணர்த்தும் சான்று கிடைத்தல் அரிது. கொழுந்து மடுவத்திலே ‘இருபது கிலோ போட்டாள்’ என்று கூறும்போது கிலோ என்னும் அளவு கொழுந்துக்கு ஆகி எடுத்தலளவை ஆகுபெயராகின்றது. அரைப் பேர் எவ்வகை ஆகுபெயரில் அடங்கும் என்பதனை எட்டாம் தரத்து மாணவரே விவாதிக்கட்டும். நன்னூலின் பகுப்பு அங்கே உயிர் பெறும். மாணவனும் தன் வீட்டுச் சொல் இலக்கணத்துக்குப் புறம்பானதன்று என்பதைக் கண்டுகொள்வான்.

நடைமுறையில் நிகழ்வது இதற்கு மாறானது. பெரட்டு, கவ்வாத்து, இஸ்தோப்பு, காம்பரா, பணிய லயம், மேற்கணக்கு என்னுஞ் சொற்களோடு வகுப்புக்குள் நுழையும் மாணவன், அவை கொச்சை என்று திருத்தப்படுகின்றான். சில தடவை திருத்தப்பட்டபின் அவன் வாய் திறப்பதில்லை. பேசற்றிறன் வளர வேண்டிய பாடவேளை மௌனத்தில் முடிகின்றது. பின்னர் அம்மௌனமே தோட்டப் பிள்ளையின் மொழி வறுமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. இத்தகைய முடிவின் பொய்ம்மையை அமெரிக்க மொழியியலறிஞர் வில்லியம் லேபொவ் 1969இல் வெளியிட்ட ஆய்வொன்றில் எடுத்துக்காட்டினார். நியூயோர்க் நகரின் கறுப்பினச் சிறுவன் ஒருவன் முறையான நேர்காணலிலே ஓரிரு சொற்களில் விடையளித்து ஒடுங்கியிருந்தான். நேர்கண்டவர் தின்பண்டமும் அவனுடைய நண்பனையும் அழைத்துவந்து தரையில் அமர்ந்து உரையாடியபோது, அதே சிறுவன் இடைமறித்தும் வாதிட்டும் சரளமாகப் பேசினான். குறை சிறுவனின் மொழியில் அன்று, அவன் பேசவைக்கப்பட்ட சூழலிலேயே இருந்தது.

இவ்விடத்து ஆசிரியரை மட்டும் குற்றஞ் சாட்டுதல் நேரிதன்று. தோட்டப்புற ஆசிரியருட் பலர் அதே லயங்களிலிருந்து வந்தவர்கள். பேச்சு வழக்கைக் களைந்து பொதுத்தமிழைக் கைக்கொண்டமையாலேயே தாம் மேலே வந்ததாக அவர்கள் கருதுகின்றனர். அவ்வாறு கருதுவதில் நியாயமும் உண்டு. தம் மாணவருக்கும் அதே ஏணியைக் காட்ட விரும்புவது பரிவின் பாற்பட்டது. எனினும் ஏணியில் ஏறியவர் ஒருவருக்குப் பலர் கீழே நின்றுவிட்டனர் என்பதனையும் அவர்கள் அறிவர்.

இதற்கு எதிர்நிலையில் நின்று, தோட்டப் பிள்ளைக்குச் செய்யுளும் இலக்கணமும் எதற்கு, படிவம் நிரப்பவும் விண்ணப்பம் எழுதவும் சம்பளத் துண்டை வாசிக்கவும் கற்பித்தாற் போதுமே என்று கூறுவோரும் உளர். பயன்பாட்டுக் கல்வி என்னும் பெயரில் முன்வைக்கப்படும் இவ்வாதம் இரக்கத்தின் தோற்றம் கொண்டது. மிக ஆபத்தானதும் அதுவே. படிவமும் விண்ணப்பமும் வேண்டியனவே என்பதில் ஐயமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிரஜாவுரிமைப் பத்திரங்களின் பின்னே அலைந்த ஒரு சமூகத்துக்கு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அலைந்த சமூகத்துக்கு, ஆவணத்தை வாசிக்கும் ஆற்றல் உயிர்நிலையானது. ஆனால் அத்துடன் நிறுத்திவிடும் கல்வி 1907இன் கல்வியே. அன்று பத்து வயதில் இடப்பட்ட எல்லை இன்று பதினான்கு வயதுக்கு நகர்த்தப்படும், அவ்வளவே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பிள்ளைக்குக் கம்பனும் பாரதியும் உரியவர்களாயின், லுணுகலைப் பிள்ளைக்கு மட்டும் அவர்கள் மிகையாவது எவ்வாறு?

மேலும், இலக்கியம் இம்மக்களுக்குப் புறத்தேயிருந்து கொண்டுவரப்பட வேண்டியதொன்றன்று. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் மலையகத்திலே ஆடியும் பாடியும் பேணப்பட்டவை. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு என்பவற்றைத் திரட்டி சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக்கினார். கேட்டல் என்னும் திறன், எழுத்தறியாத பாட்டியரிடத்தே எத்துணை உயர்நிலை எய்தியிருந்தது என்பதற்கு இப்பாடல்கள் சான்று. பாடத்திட்டமோ கேட்டலை ஆசிரியர் வாசிக்கும் ஒரு பந்தியைக் கிரகித்து வினாவுக்கு விடையளித்தலாகச் சுருக்கிக்கொள்கின்றது.

ஒரு மலையகச் சிறுகதையைப் பாடநூலிற் சேர்த்துவிட்டாற் குறை தீரும் என்பதும் போதிய விடையன்று. தேர்வு செய்வதிலேயே இடர்ப்பாடு உண்டு. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ ஈழத்துச் சிறுகதைகளிற் சிறந்த ஒன்று. லயத்து ஒற்றை அறை ஒரு குடும்பத்தின் மானத்தை எவ்வாறு சிதைக்கின்றது என்பதைப் பேசும் அக்கதை ஏழாம் தரத்து மாணவனுக்குரியதன்று. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியின் உழைப்புத் திறன் ஐயுறப்படுவதைச் சித்திரிக்கும் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ பொருந்தும். பொருந்தினும், அக்கதையையும் அரும்பதம் எழுதுவித்து, ஆசிரியர் குறிப்பை மனனஞ் செய்வித்துக் கற்பித்தால் விளைவு முன்னையதே. மாற வேண்டியது பாடத்தின் பொருள் மட்டுமன்று. அப்பொருளைக் கொண்டு மாணவனிடம் எதிர்பார்க்கப்படும் செயலும் மாற வேண்டும்.

அச்செயல் யாதென்பதற்குத் தெளிவத்தை ஜோசப்பின் எழுத்துமுறையே வழிகாட்டுகின்றது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, அவ்வூரின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2022இல் மறைந்தவர் அவர். அவருடைய கதைகளிலே எடுத்துரைப்பு பொதுத்தமிழிலும் உரையாடல் தோட்டத் தமிழிலும் அமைந்து, ஒன்று மற்றொன்றை நாணச் செய்யாது உடன் நடக்கின்றன. சார்ள்ஸ் பேர்கியூசன் 1959இல் இரட்டை வழக்கு நிலை பற்றி எழுதியபோது உயர் வழக்கும் தாழ் வழக்கும் தத்தமக்குரிய இடங்களில் வழங்குவதை விளக்கினார். தமிழாசிரியர் பலர் அவ்விரண்டுக்குமிடையே ஒரு மதிலை எழுப்பிக்கொண்டனர். அம்மதிலில் வாயிலும் அமைக்கலாம் என்பதைப் பதுளை மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர் செய்து காட்டியுள்ளார்.

எனவே கனிட்ட இடைநிலைத் தமிழின் தலையாய நோக்கம், இரு வழக்குகளுக்குமிடையே இரு திசையிலும் சென்று வரும் ஆற்றலாக அமைதல் வேண்டும். ஆறாம் தரத்திலே மாணவன் தன் பேச்சு வழக்கில் ஒரு செய்தியைத் தடையின்றிச் சொல்லட்டும். கூறியதை வகுப்பார் கூடிப் பொதுத்தமிழில் எழுதட்டும். ஏழாம் தரத்தில் லயத்து முதியோர் ஒருவரிடம் கேட்ட கதையையோ பாடலையோ கேட்டவாறே எழுதி வந்து, அதன் அருஞ்சொற்களுக்குத் தானே பொருள் வரையட்டும். இலக்கண உணர்வு முதிரும் எட்டாம் தரத்திலே இரு வழக்குகளையும் ஒப்புநோக்கலாம். ஒன்பதாம் தரத்தின் முடிவில் மாணவன் தோட்ட நிருவாகத்துக்கு முறையானதொரு விண்ணப்பம் எழுதவும், செய்யுளொன்றை வாசித்து அதன் பொருளைத் தன் அப்பாயிக்கு அவள் மொழியிலேயே எடுத்துரைக்கவும் வல்லவனாதல் வேண்டும். இரண்டாவது செயல் முதலாவதினும் கடினமானது. செய்யுளை விளங்காதவன் அதனை மற்றொரு வழக்கில் சொல்ல இயலாது. மனனம் செய்தவன் அங்கே அகப்பட்டுக்கொள்வான்.

பரீட்சை இதற்கு இடந்தருமா என்னும் வினா எழும். க.பொ.த. சாதாரண தரத் தமிழ் எழுத்துப் பரீட்சையாக உள்ளவரை, பேசலும் கேட்டலும் ஆசிரியர் வழிகாட்டியோடு நின்றுவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையிலான நான்கு ஆண்டுகளில் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முடிந்து சாதாரண தரம் தொடங்குமுன் கிடைக்கும் அக்காலத்திலே, தவணைக்கு ஒரு தடவையேனும் வாய்மொழித் தேர்வொன்றை நடத்துவதற்கு லுணுகலைப் பாடசாலை எதுவும் மகரகமையின் சுற்றுநிருபத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.