ஒரு கை போதுமா?

முன்கண்ணாடியைத் துடைக்க ஒரே ஒரு வைப்பர் போதும் என்று கார் தயாரிப்பாளர்கள் வெவ்வேறு காலங்களில் முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்கான காரணங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. மெர்சிடிஸ்-பென்ஸ் கூடுதல் பரப்பைத் துடைப்பதற்காக ஒரு கையோடு நிறுத்திக்கொண்டது. டாடா நானோவும் டொயோட்டா எட்டியோஸும் ரெனோ க்விட்டும் விலையைக் குறைக்க அப்படிச் செய்தன. டெஸ்லாவின் சைபர்ட்ரக்கில் வண்டியின் உருவம் முதலில் முடிவாகி, வைப்பர் அதன் பின்னால் ஓடிவந்தது. எல்லாவற்றையும் ‘சிங்கிள் வைப்பர்’ என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பாராட்டுகிறவர்களும் உண்டு, கேலி செய்கிறவர்களும் உண்டு. இரு தரப்பாரும் கைகளை எண்ணுகிறார்களே தவிர, கை செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை.

வைப்பர் கை பார்ப்பதற்கு ஒரு வளைந்த இரும்புத் தண்டு. அடியில் பல்வெட்டு உள்ள சுழல்தண்டின் மேல் ஒரு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். சற்று மேலே ஒரு கீல், அதற்குள் ஒரு ஸ்பிரிங், நுனியில் பிளேடை மாட்டும் கொக்கி. அதிகமாக உழைப்பது அந்த ஸ்பிரிங்தான். ஒரு மீட்டர் நீளப் பிளேடுக்குச் சுமார் ஒன்றரை கிலோ எடையளவு அழுத்தம் வேண்டும். குறைந்தால் தண்ணீர் படலமாக நிற்கும்; வேகமாகப் போகும்போது காற்று பிளேடைத் தூக்கும். கூடினால் மோட்டார் திணறும், ரப்பர் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ரப்பரின் விளிம்பு மறுபக்கம் சாய்ந்தாக வேண்டும். கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால் விளிம்பு ஒரு பக்கமே விறைத்து நின்று கண்ணாடியில் தட்டித் தட்டிப் போகும். ‘கடகட’ என்ற அந்தச் சத்தத்துக்குப் புது பிளேடு வாங்கிப் போட்டுப் பணத்தை வீணாக்குகிறவர்கள் அதிகம். பல சமயம் கோளாறு கையில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற கருவியும் ஒற்றைக் கைதான். உள்ளேயிருந்து நெம்புகோலால் இழுக்க வேண்டும். அன்றைய தட்டையான, சிறிய கண்ணாடிக்கு அது போதும். கண்ணாடி அகலமாக ஆகத்தான் சிக்கல் தொடங்கியது.

அந்தச் சிக்கல் வடிவக் கணிதம் சார்ந்தது. கண்ணாடி ஏறக்குறைய நாற்கோணம். ஒரு முனையில் ஊன்றிச் சுழலும் கை வரைவதோ வட்டத்தின் துண்டு. உயரத்தைப்போல் இரு மடங்கு அகலமுள்ள ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். அடிவிளிம்பின் நடுவில் கையை ஊன்றி, மேல்விளிம்பைத் தொடும் நீளத்துக்கு அரைவட்டம் வரைந்தால், அது செவ்வகத்தில் 78.5 விழுக்காட்டை அடைக்கும். பிளேடு ஊன்றுமுனையிலிருந்தே தொடங்குவதில்லை என்பதால் அடியில் ஒரு சிறு அரைவட்டமும் கழிந்துபோகும். மிஞ்சுவது 70 விழுக்காட்டை ஒட்டி வரும். நிஜக் கண்ணாடி மேலே குறுகியிருப்பதால் கணக்கு கொஞ்சம் தேறும். ஆனாலும் மேல்மூலை இரண்டும் நனைந்தே இருக்கும். இரண்டு கைகளை ஒரே திசையில் ஓடவிடும் வழக்கம் இதற்காக வந்ததுதான். ஓட்டுநர் பக்க மூலை தெளிவாகிவிடும். பக்கத்து இருக்கைக்காரரின் மூலை மட்டும் விட்டுப்போகும். கண்ணாடி மிகவும் தாழ்வாகவும் அகலமாகவும் இருந்த ஜாகுவார் இ-டைப்பில் மூன்று சிறிய கைகள் வைத்தார்கள்.

மெர்சிடிஸின் பொறியாளர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். 1984 இறுதியில் வெளியான டபிள்யூ124 வரிசைக் காரில் இருந்த ஒற்றைக் கை, சுழலும்போதே நீண்டது, சுருங்கியது. நடுவே ஒரு கூடு; அதற்குள் அசையாத ஒரு பல்சக்கரம். கை திரும்பத் திரும்ப, இன்னொரு சின்னப் பல்சக்கரம் அதன்மேல் உருளும். அந்தச் சக்கரத்தோடு இணைந்த கிராங்க், பிளேடைத் தாங்கிய தண்டை வெளியே தள்ளும், உள்ளே இழுக்கும். மேசையைத் துடைக்கிறவர் மூலைக்கு வந்ததும் முழங்கையை நீட்டுவதுபோல, மூலையை நெருங்கும்போது கை நீளும். உச்சிக்கு வரும்போது மேல்விளிம்பில் இடிக்காமல் குறுகும். பிளேடின் நுனி கண்ணாடியில் வரைந்த தடம் ஆங்கில எழுத்து ‘எம்’ போல இருந்தது. முன்கண்ணாடியில் 86 விழுக்காடு துடைபட்டது. மேலே போட்ட அரைவட்டக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் அருமை தெரியும். கண்ணாடியின் குறுக்கே இரண்டு துடைப்புகள் சந்திக்கும் கோடும் இல்லை. ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் இரண்டாவது கையும் இல்லை. 1995இல் புனேயில் மெர்சிடிஸ் காரை இணைத்துக் கட்டத் தொடங்கியபோது முதலில் வந்ததும் இந்த டபிள்யூ124தான். மழையில் அது தாவித் தாவித் துடைப்பதைச் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு.

இதன் அழகில் மயங்காமல் செலவையும் பார்க்க வேண்டும். ஒற்றைக் கை அகன்ற கோணத்தில் சுழல வேண்டியிருக்கிறது. ஊன்றுமுனையிலிருந்து நுனி 75 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். 140 பாகை சுழன்றால் நுனி ஒரு வீச்சில் 1.8 மீட்டர் போகும்; இரட்டைக் கை முறையில் 85 பாகை போதும், 1.1 மீட்டரில் வேலை முடிந்துவிடும். நிமிடத்துக்கு 45 முறை போய்வருகிற வேகத்தில் ஒரு வீச்சுக்குக் கிடைப்பது முக்கால் வினாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் நீளமான, கனத்த கையை ஓடவிட்டு, நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். மோட்டாரின் சுமையும் திரும்பும்போது எழும் ‘தொம்’ என்ற சத்தமும் இதனால் கூடுகின்றன. மெர்சிடிஸில் இதோடு பல்சக்கரக் கூடும் சேர்ந்துகொண்டது. அதற்குள் கிரீஸ் காய்ந்துபோனால் கை மந்தமாகும், பிறகு பாதியில் நிற்கும். பழைய டபிள்யூ124 வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பராமரிப்பு வேலை. கடைசியில் நிறுவனமே இந்தக் கையை விட்டுவிட்டது. 2002இல் வந்த இ-கிளாஸில் பழையபடி இரண்டு கைகள். இரண்டு எளிய கைகள் ஏறக்குறைய அதே பரப்பைக் குறைந்த தொல்லையோடு துடைக்கும் என்றால், தாவும் கை சாமர்த்தியத்தை நிரூபித்துவிட்டு ஓய்வுபெற வேண்டியதுதான். என் பார்வையில் அது தோல்வியும் இல்லை. ஒரு கையால் அதிகபட்சம் என்ன முடியும் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடையை யாரும் காரில் பொருத்தி விற்றதாகத் தெரியவில்லை.

மலிவுக் கார்களின் ஒற்றைக் கைக்கு இந்த லட்சியம் எதுவும் கிடையாது. 2008இல் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று காட்டப்பட்ட நானோவில், சக்கரத்துக்கு மூன்று நட்டு, முன்னால் ஒரு வைப்பர் என்று ஒவ்வொரு ரூபாயும் எண்ணிச் செதுக்கப்பட்டது. அதற்காக நானோவைக் கிண்டலடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் காரின் அகலம் 1,495 மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறுகிய, நிமிர்ந்த கண்ணாடிக்கு ஒரு கை பொருத்தமானது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் க்விட் 1,579 மில்லிமீட்டர். எட்டியோஸோ 1,695, மெர்சிடிஸ் டபிள்யூ124க்கு 45 மில்லிமீட்டர்தான் குறைவு. மெர்சிடிஸ் பல்சக்கரம் போட்டுச் சமாளித்த அகலத்தை எட்டியோஸ் வெறும் சுழற்சியால் சமாளிக்கப் பார்த்தது. டாக்ஸியாக ஊரெங்கும் ஓடிய அந்தக் காரில் மழைநாளில் முன்னிருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு, தெளிந்த விசிறி வடிவத்துக்கு வெளியே எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பது நினைவிருக்கும். ஆக, ஒற்றைக் கையை நானோவில் ஏற்கலாம், க்விட்டில் பொறுத்துக்கொள்ளலாம், எட்டியோஸில் அது எல்லையில் நின்றது என்பேன்.

ஒற்றைக் கையின் பக்கமும் நியாயம் உண்டு. இரட்டைக் கைகளை ஒரே மோட்டாரோடு இணைக்க நீண்ட லிங்க் கம்பிகளும் அவற்றின் முனையில் பிளாஸ்டிக் புஷ்ஷும் தேவை. அந்தப் புஷ் தேய்ந்து கம்பி கழன்றுகொள்வது மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கும் கோளாறு. ஒற்றைக் கையில் அந்தக் கம்பிகளில் பெரும்பகுதி மிச்சம். மாற்ற வேண்டிய பிளேடும் ஒன்றுதான். ஏற்றுமதிக்கும் அது வசதி. ஒரே திசையில் ஓடும் இரட்டைக் கைகளை இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள நாட்டுக்கு அனுப்பினால், முழு அமைப்பையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே அனுப்பினால் துடைபடாத மூலை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே வந்துவிடும். நடுவில் ஊன்றிய ஒற்றைக் கைக்கு இடமும் வலமும் ஒன்றே. க்விட் போல இந்தியாவிலும் பிரேசிலிலும் தயாராகும் காருக்கு இது சின்ன லாபம் இல்லை. ஓட்டுநர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி ஊன்றினால் மட்டும் இந்தச் சமச்சீர் போய்விடும். அங்கே வடிவமைப்பாளர் செலவுக்கும் பார்வைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

சட்டம் இதில் யாருக்காகப் பேசுகிறது? ஐரோப்பாவின் 78/318 உத்தரவு ஓட்டுநரின் கண்ணிருக்கும் இடத்திலிருந்து இரு பார்வைப் பரப்புகளை வரைந்தது. உள்பரப்பில் 98 விழுக்காடும் வெளிப்பரப்பில் 80 விழுக்காடும் துடைபட வேண்டும் என்றது. அமெரிக்காவின் 104ஆம் தரவிதி மூன்று பரப்புகளை வகுத்து 80, 94, 99 விழுக்காடு கேட்கிறது; குறைந்தது இரு வேகங்கள் வேண்டும், அவற்றில் ஒன்று நிமிடத்துக்கு 45 முறைக்குக் குறையக்கூடாது. எல்லாம் ஓட்டுநரின் கண்ணைச் சுற்றித்தான். அது நியாயமும்கூட. ஆனால் வளைவிலும் சந்திப்பிலும் பக்கத்திலிருப்பவர் எட்டிப்பார்த்து ‘வண்டி வருது’ என்று சொல்லும் வழக்கம் நம் சாலைகளில் இன்னும் இருக்கிறது. சட்டம் அந்தக் கண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒற்றைக் கை சட்டப்படி தேறிவிட்டது என்பதால் போதுமானது ஆகிவிட்டது என்று சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெயில். தமிழ்நாட்டில் பங்குனியிலிருந்து ஆவணிவரை வைப்பருக்குப் பல ஊர்களில் பெரிய வேலை கிடையாது. சூடேறிய கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்து ரப்பர் விறைக்கிறது. ஐப்பசியில் முதல் மழை தூசியைக் குழைத்துச் சேறாக்கும்போதுதான் அது கோடு கோடாக இழுப்பது தெரியும். வெயிலில் நிறுத்தும்போது கையைத் தூக்கி வைப்பது இதற்கான நம் கைவைத்தியம். ரப்பர் தப்பும், யாராவது தட்டிவிட்டால் கை ‘படார்’ என்று விழுந்து கண்ணாடியையே கீறும் ஆபத்தும் கூடவே வரும். இரட்டைக் கை உள்ள காரில் ஓட்டுநர் பக்க ரப்பர் கிழிந்தால், நடுவழியில் பக்கத்துக் கையிலிருந்து பிளேடைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். நீளம் கொஞ்சம் மாறினாலும் சமாளிக்கலாம். ஒற்றைக் கையில் கடன் வாங்க ஆளில்லை. போதாததற்கு, நீளமான ஒரே பிளேடு, நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் வளைந்தும் இருக்கும் கண்ணாடி முழுவதற்கும் ஒட்டிப் படிய வேண்டும். முனை ஒன்று முதலில் தேய்ந்தால் பிளேடு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

இந்த எல்லாக் குறைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டியது சைபர்ட்ரக். தட்டையான தகடுகளாலான அதன் உருவத்தில், அகன்று படுத்திருக்கும் கண்ணாடிக்குச் சுமார் 4 அடி நீளத்தில் ஒரே பிளேடு. வேலையில்லாதபோது ஓட்டுநர் பக்க ஓரத்தூணை ஒட்டி நிமிர்ந்து நிற்கும். 2023 நவம்பரில் விநியோகம் தொடங்கியது. 2024 ஜூனில் 11,688 வண்டிகள் வைப்பர் மோட்டாருக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பகுதி மின்சுமை தாங்காமல் செயலிழக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். மென்பொருளால் எதையும் சரிசெய்வதாகப் பெயர்பெற்ற நிறுவனம் இதற்கு மோட்டாரையே மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. மெர்சிடிஸ், கண்ணாடிக்கு எது வேண்டும் என்று கேட்டுக் கையை வடிவமைத்தது. இங்கே கண்ணாடி முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒற்றைக் கையை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. குறுகிய நகரக் கார்களில் அது சிக்கனமான, உறுதியான ஏற்பாடு. ஆனால் அதை விற்பவர்கள் சில கடமைகளை ஏற்க வேண்டும். பிளேடு முழுவதையும் வாங்கவைக்காமல் ரப்பரை மட்டும் தனியாக, எளிதாக மாற்றும்படி கொக்கியை அமைக்கலாம். ஸ்டெப்னி தரும் பெட்டியில் ஒரு மாற்று ரப்பரையும் வைக்கலாம். எடையும் விலையும் ஒரு பொருட்டே இல்லை. வெப்ப நாடுகளில் துடைபரப்புச் சோதனையைப் புது ரப்பரோடு ஒருமுறையும் ஓராண்டு வெயிலில் காய்ந்த ரப்பரோடு ஒருமுறையும் நடத்தச் சொல்லலாம். இரண்டு கைகள் உள்ள கார்களும் அந்த இரண்டாவது சோதனையில் தடுமாறக்கூடும். அப்போது தடுமாற்றத்தின் அளவை வைத்து ஒன்றையும் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.