ஜூலை 17ஆம் பக்கம்

தியான நூல் வாங்கப் போனால் நான் ஜனவரி 1ஐத் திறப்பதில்லை. டிசம்பர் 25ஐயும் தொடுவதில்லை. புத்தாண்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொருள் தானாக வந்து சேரும். ஜூலை 17ஐப் புரட்டுவேன். பண்டிகை இல்லை, உபவாச ஜெபம் இல்லை. ரேஷன் கடைக்கும் வேலைக்குமாய்க் கழிந்துவிடுகிற ஒரு நாள். அந்த நாளுக்கு எழுத உட்கார்ந்தவரிடம் சொல்ல ஏதாவது இருந்ததா, பக்கத்தை நிரப்பினாரா என்பது நான்கு வரியில் தெரிந்துவிடும்.

அடுத்து, மேலே அச்சிட்டிருக்கும் வசனத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசிப்பேன். வசனம் இல்லாமலே அது முழுசாக நிற்குமானால், வசனம் அங்கே வெறும் தோரணம். மனதைத் தொடும் ஒரு சம்பவம், அதற்கு ஒரு பாடம், இரண்டு வரி ஜெபம் என்று ஓடும் பக்கங்கள் காபி ஆறுவதற்குள் மறந்துபோகின்றன. காலையில் வாசித்தது மத்தியானம் பஸ்ஸில் நிற்கும்போது திரும்ப வந்து உறுத்த வேண்டும்.

அப்படி உறுத்துவதில் ஆஸ்வால்டு சேம்பர்ஸுக்கு இணையாக நான் யாரையும் வாசித்ததில்லை. 'மை அட்மோஸ்ட் ஃபார் ஹிஸ் ஹையஸ்ட்' என்ற அந்த நூலை அவர் உட்கார்ந்து எழுதவே இல்லை. முதல் உலகப் போரின்போது எகிப்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் படைவீரர்களிடையே ஊழியம் செய்தவர், 1917 நவம்பரில் அங்கேயே இறந்துபோனார், வயது 43. அவருடைய மனைவி பிடி சுருக்கெழுத்தில் தேர்ந்தவர். கணவர் பேசப் பேசக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் பொறுக்கிக் கோத்து 1927இல் நூலாக்கினார். நீண்ட பேச்சிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் என்பதால் அவற்றில் பீடிகை கிடையாது; தட்டிக்கொடுப்பதும் கிடையாது. நடுவிலிருந்து தொடங்கிச் சட்டென்று நின்றுவிடும். கொட்டைப்பாக்கு மாதிரி: கடித்தால் பல்தான் போகும், கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் மெல்ல இளகும். பத்து வருஷமாக அதே பக்கங்களை வாசிக்கிறேன். சில இன்னும் இளகவில்லை. நான் அந்த நூலை விடாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

விளக்கமே சொல்லாத தியான நூலும் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரின் மொராவியச் சபையார் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டுவரும் 'லோசுங்கன்' அது. நாளுக்கு ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், அதோடு பொருந்தும் ஒரு புதிய ஏற்பாட்டு வசனம், ஒரு பாடல் அடியோ ஜெபமோ. அவ்வளவே. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். மற்றதைத்தான் பார்த்துத் தேர்கிறார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. (18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தோட்டம் அமைத்து வாழ்ந்தவர்களும் இந்தச் சபையார்தான்.) துக்க வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையில் எனக்கு இந்த மாதிரி நூல் போதும். வேறொருவர் விளக்கத்தைக் கேட்க அன்று மனம் ஒப்பாது.

ஆனால் தேதி போட்ட புத்தகத்துக்கு ஈஸ்டர் தெரியாது. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. புனித வெள்ளியன்று சேம்பர்ஸ் வேறெதையோ பேசிக்கொண்டிருப்பார். அதனால் காலத்துக்கென்று தனி நூல் வேண்டும். திருவருகைக் காலத்துக்கு எடுப்பதானால் நான்காம் வாரத்தைப் பாருங்கள். அந்தக் காலம் ஒரு வருஷம் 22 நாள், இன்னொரு வருஷம் 28 நாள். அது தெரிந்து எழுதியவரா என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். பனியும் நீண்ட இரவுமாக எழுதிய ஐரோப்பிய நூல்கள் எனக்கு ஒட்டுவதில்லை. வாசலில் ஸ்டார் எரிய, கேரல் பாட்டு வீடு வீடாக வர, இந்த ஆரவாரத்துக்கு நடுவே காத்திருப்பது எப்படி என்று சொல்லும் நூலைத்தான் தேடுகிறேன்.

லெந்து நாட்களுக்கு, கத்தோலிக்கர் சொல்வதுபோல் தவக்காலத்துக்கு, தமிழிலேயே பெரிய சொத்து இருக்கிறது. கோவாவில் பிறந்து இலங்கையில் பணிசெய்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் (1676–1742) வியாகுலப் பிரசங்கம் கண்ணால் வாசிப்பதற்கு உரியதல்ல. ஒப்பாரி இழையும் ராகத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க வேண்டும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) பன்யனின் கதையைத் தழுவியது. அதன் குமார பருவத்தில் இரட்சணிய சரித படலத்துக்கு வந்தால், இயேசுவின் பாடுகள் கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருவரின் விருத்தத்தில் நடக்கின்றன. நாளுக்கு மூன்று பாட்டு, வாய்விட்டுப் படிக்க வேண்டும். பொருள் முழுதும் பிடிபடாத காலையிலும் ஓசை கூடவே வரும்.

எங்கள் வீட்டு லெந்து நூலுக்கு அட்டை போய்விட்டது. தேதி போடாமல், சாம்பற்புதன் தொடங்கி ஞாயிறுகளை விட்டுவிட்டு 40 நாளாக எண்ணிய நூல். ஓரம் அகலமாக விட்டிருக்கும். ஓரம் இல்லாத தியான நூலை நான் வாங்குவதே இல்லை. 19ஆம் நாள் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 2019 மார்ச் 27. 2020 மார்ச் 18. 2021 மார்ச் 10. எல்லாம் புதன்கிழமை. முதல் இரண்டும் அம்மாவின் கையெழுத்து.