பூட்டைத் திறந்தால் குளிர்ச்சி

சித்திரை மாதம், பிற்பகல் இரண்டு மணி. வெளியே திருச்சி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கிறது. நான் கூடத்தில் வெறுந்தரையில் முதுகு சில்லென்றிருக்கப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஏசி கிடையாது. ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடுகிறது, அதுவும் பழக்கதோஷத்துக்குத்தான். இப்படி ஒரு வீட்டில் குடியிருப்பேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்!

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் பதினொரு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு இது. வீட்டுக்காரப் பாட்டியின் பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் பெங்களூரில். பாட்டி காலமானதும் கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டலாம் என்று வந்தவர்களிடம் மூத்த பிள்ளை தலையாட்டாமல் இருந்தாரே, அவருக்குக் கோடிப் புண்ணியம்! பழுது பார்த்து நான்கு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டார். ஆளுக்கொரு அடுப்படி, ஆளுக்கொரு குளியலறை. முற்றமும் கிணறும் பொது. முன்பு தில்லைநகர் பக்கம் மேல்மாடி ஃப்ளாட்டுக்குக் கொடுத்ததில் பாதிதான் வாடகை. அங்கே ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சுடும். ஏசி ஓடியும் குழந்தைக்கு வேர்க்குரு.

வேலை நடக்கும்போதே தினமும் வந்து நின்றுவிடுவேன். ஆள் நுழைய முடியாத அளவுக்கு வௌவால் வாடை. பயந்துபோய், எல்லாவற்றையும் சுரண்டி சிமென்ட் பூசிவிடலாமே என்றேன். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது சுண்ணாம்புச் சுவரு. மேல சிமென்ட்ட அப்பினா உள்ள போன ஈரம் வெளிய வராது. நாலு மழையில பொரிஞ்சு விழுந்துரும்."

சுண்ணாம்பை நாள்கணக்கில் தொட்டியில் ஊறப்போட்டார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். அந்தப் புளித்த வாடை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது, எனக்குப் பிடித்த வாடை! மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு. செல்லரித்த இரண்டு விட்டங்களை மட்டும் மாற்றி, தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, வெள்ளையடித்தார்கள். சுவரோ ஒன்றரை அடிக் கனம். பகல் வெயில் அதற்குள் நுழைந்து இந்தப் பக்கம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முற்றத்துச் சூடு மேலே கிளம்பிப் போகப் போக, வாசலிலிருந்து ரேழி வழியாகவும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். ரேழியில் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள், தானாக ஆடும்!

எங்கள் பங்குக்குப் பழைய 75 வாட்ஸ் ஃபேனை எல்லாம் கழற்றிவிட்டு, முப்பது வாட்ஸ் சொச்சம் இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் போட்டோம். கோடையிலும் இரண்டு மாத ரீடிங் 200 யூனிட்டைத் தாண்டவில்லை. அதில் முதல் 100 யூனிட்டுக்குக் காசே இல்லை. கரண்ட் பில்லை ஃப்ரேம் போட்டு மாட்டலாமா என்று வீட்டில் கேட்டேன்!

இப்படிப் பூட்டிக் கிடந்தது இந்த வீடு மட்டுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டு நகரங்களில் மட்டும் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. அதே சமயத்தில், 2012-ல், நகரங்களில் கிட்டத்தட்ட 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று மத்திய அரசின் நிபுணர் குழு கணக்குச் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அரசுப் பணத்தில் கட்டி ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளை ஏழைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 ஜூலையில்தான் ஒப்புதல் தந்தது. இடித்துப் புதிதாகக் கட்டினால் சிமென்ட் வேண்டும்; உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்டால் வருகிறது. நிற்கிற சுவரை நிற்கவிட்டாலே எவ்வளவு மிச்சம்! பிரான்ஸில் லக்காத்தோன், வசால் என்ற கட்டடக்கலைஞர்கள் இருவர், எதையும் இடிக்காமல் பழைய குடியிருப்புகளை விசாலமாக்கிக் கொடுத்தே 2021-ல் பிரிட்ஸ்கர் விருது வாங்கினார்கள். எங்கள் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "அவங்களும் நம்ம ஆளுதாம்மா" என்றார்.

எதிர்வரிசையில் இன்னொரு வீடு பூட்டிக் கிடக்கிறது. திண்ணைத் தூண் சாயவில்லை, விட்டங்களும் நன்றாக இருப்பதாக மேஸ்திரி ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரர் வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறாராம். அன்று காலைச் சாப்பாடு எங்கள் முற்றத்தில்தான் என்று அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஏகாதசிக்கு அவர் விரதம் என்று ஞாபகம் வந்தது. துவாதசிப் பாரணைக்கு மாற்றியாயிற்று.