கொற்கை வேந்தன் கண்ட ஆடல்

சிலப்பதிகாரத்தின் ஆடற்கலையை ஆய்வோர் பெரும்பாலும் அரங்கேற்று காதையோடு அமைவர். 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்னும் அரங்கின் அளவும், மூவகை எழினியும், தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு நிறுத்திய திறமும் ஆண்டு விரிவாகக் கூறப்படுதலின் அஃது இயல்பே. ஆயின், அந்நூலின் கதையைத் திருப்பிய ஆடல் மாதவியின் ஆடல் ஒன்றேயன்று. கொலைக்களக் காதையில் பாண்டியன் முன்னர் நிகழ்ந்த பிறிதோர் ஆடலும் உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

அவ்வாடலுக்கு அரங்கின் அளவு கூறப்படவில்லை. ஆடினார் பெயரும் இல்லை. ஆடலும் பாடலும் பண்ணின் பயனும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்தன என்று கோப்பெருந்தேவி ஊடினாள்; ஊடலை மறைத்துத் தலைநோய் என்று கூறி அகன்றாள்; அவளைத் தெளிவிக்க, அரசன் அமைச்சர் குழுவை நீங்கிச் சென்றான்; அவ்வழியிற் பொற்கொல்லன் எதிர்ப்பட்டான். இவ்வளவே செய்தி. புகாரில் அரங்கைக் காட்டிய அடிகள், மதுரையில் அரங்கைக் காண்பவனைக் காட்டுகின்றார்.

இவ்வேறுபாட்டைப் பிரெஞ்சு மக்களின் ‘காபரே’ என்னும் சிற்றரங்கோடு ஒப்பிட்டுத் தெளியலாம். பாரிசு நகரின் மோன்மார்த்துப் பகுதியில் 1881-இல் தொடங்கிய ‘கரும்பூனை’ விடுதி அவ்வகைக்குப் புகழ்பெற்றது. ஆண்டுப் பாடுவோரும் கேட்போரும் அணுகியிருப்பர். பேரரங்கில் காண்போன் கூட்டத்தில் மறைவான். சிற்றவையிலோ காண்போனும் காணப்படுவான். ஆடுமகளிரை அரசன் நோக்கினான். அரசனைத் தேவி நோக்கினாள். கதை திரும்பியது அவ்விரண்டாம் நோக்கினால் என்க.

கோவலன் மாதவியாற் கெட்டான், பாண்டியன் கூத்தியராற் கெட்டான், ஆதலின் அடிகள் ஆடலைப் பழித்தார் எனக் கூறுவாரும் உளராகலாம். அது பொருந்தாது. ஆடல், பாடல், பண் என மூன்றையும் பிரித்தெண்ணிய தேவியின் ஊடலே அக்கலையின் வெற்றிக்குச் சான்று. பிழை, தேராது ஆணையிட்டதன்கண் உள்ளது. அமைச்சரை நீங்கி வந்தவன், அவரை வினவாமலே கொலைக்கு ஆணை தந்தான். உண்மை வெளிப்பட்டபோது அவன் கள்வன் எனப் பழித்தது தன்னையே, ஆடுமகளிரை அன்று. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக்குப் பலியிட்டது பொற்கொல்லர் 1000 பேரை. அப்போதும் ஆடினார்மேற் பழி ஏற்றப்படவில்லை. ஒருவன் பொய்க்கு ஆயிரவர் உயிர் ஈந்த கொடுமை தனியே ஆராயத்தக்கது.

இன்னுமொன்று. கண்ணகி வந்தமை உரைக்கும் வாயிலோன் அரசனைக் கொற்கைக்கு வேந்தன் என்று விளிக்கின்றான். கொற்கை, பாண்டியரின் முத்துத்துறை. வழக்கைத் தீர்த்ததும் முத்தே: தேவியின் சிலம்பிற் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம். தன் கடல் தந்த செல்வத்தைக் கொண்டே தன் பிழையை அறிந்தான் அவ்வேந்தன். சிலம்பை உடைத்துப் பார்த்தல் தீர்ப்பிற்கு முன்னர் நிகழ்ந்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான்.

ஆகவே, தமிழர் ஆடற்கலை வரலாற்றை எழுதுவோர் அரங்கின் அளவோடு அவையோரின் நிலையையும் ஆராய்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மாதவியின் ஆடலுக்கு அடிகள் வகுத்த இலக்கணம் கலைஞர்க்கு உரியது; பாண்டியன் அவையைக் கூறிய சில அடிகளோ காண்போர்க்கு உரியன.