கயிற்றின் நிறமும் கொடியின் நிறமும்

நிறம் வெறும் நிறம்தானே, அதில் என்ன அரசியல் என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். காரியாபட்டியில் பஸ் ஏறித் தெற்கே போய், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நின்று பார்க்கட்டும். பையன்களின் மணிக்கட்டில் கயிறு கிடக்கும். எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று நான் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. அந்தப் பட்டியல் வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு மனப்பாடம். என் அக்கா மகன் வெறுங்கையோடு பள்ளிக்குப் போனான். "ஏன்டா, நீ எந்தக் கயிறு?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நிறம் இல்லாததும் ஒரு நிறமாகிப் போச்சு.

வர்ணம் என்ற சொல்லுக்கே நிறம் என்றுதான் பொருள். பிராமணனுக்கு வெள்ளை, சத்திரியனுக்குச் சிவப்பு, வைசியனுக்கு மஞ்சள், சூத்திரனுக்குக் கறுப்பு என்று மகாபாரதத்தின் சாந்தி பருவம் பங்கு வைக்கிறது. நமக்குப் பங்கே கிடையாது.

அது வடமொழிப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். 1985இல் விருதுநகர் தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் நாங்களும் இராமநாதபுரம் மாவட்டம்தான். பொன்னின் நிறமும் பூவின் நிறமும் மஞ்சளின் நிறமும் எங்க சனங்களுக்கு விலக்கு. மண்ணின் நிறம் மட்டும்தான் மிச்சம். நிறத்தில் அரசியலைக் கொண்டுவந்தது யார் என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

இந்த வரலாற்றோடு வைத்துத்தான் இன்றைய கயிற்றை வாசிக்க வேண்டும். 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் மாணவர்கள் கயிறு கட்டுகிறார்கள், அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்றது அது. உடனே 'இந்து சமய நம்பிக்கையில் கை வைக்கிறார்கள்' என்று கூச்சல் கிளம்பியது. பழைய நடைமுறையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும், அவன் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. மறுபடியும் அதே கூச்சல்.

இன்னொரு குரலும் இருக்கிறது. கொஞ்சம் நாகரிகமான குரல். 'அவன் மஞ்சள் கட்டுகிறான், நீங்கள் நீலம் பிடிக்கிறீர்கள், இரண்டும் ஒன்றுதானே?' ஒன்று இல்லை. கயிறு நீ எங்கே பிறந்தாய் என்று சொல்கிறது. கொடி நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று சொல்கிறது. ஆதிக்கச் சாதிக் கயிற்றை எங்க தெருப் பையன் ஒருநாள் கட்டிப் பார்க்கட்டும். ரத்தம் பார்க்காமல் விடுவார்களா? ஆனால் 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் நீலத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பெரியாரின் கறுப்பும் அப்படித்தான், எவரும் உடுத்தலாம். அதனால்தான் 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். எவரும் வந்து சேரக்கூடிய நிறத்தைக் கண்டுதான் சாதிக்குப் பயம்.

நம் கலைஞர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்? 2018இல் இரண்டு படங்கள் வந்தன. பா. ரஞ்சித்தின் 'காலா'வில் எதிரி வெள்ளை உடுத்தித் தாராவியை அழுக்கு என்கிறான். கடைசியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறந்து அவனை மூழ்கடிக்கின்றன. தூய்மை என்ற வெள்ளைக் கருத்தியலை இவ்வளவு பெரிய திரையில் யாரும் அடித்ததில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. பொடி எல்லார் மேலும் விழுகிறது. கொட்டகையில் கை தட்டினவனும் நனைந்த மாதிரி நினைத்துக்கொள்கிறான். ஒரு குளியலில் போய்விடுகிற நிறம் அது. மறுநாள் அவன் மகன் மணிக்கட்டில் கயிறு அப்படியேதான் கிடக்கும்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமா'ளில் நீலம் ஒருத்தன் உடம்பில் இருக்கிறது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் அடிபட்டு, அவமானப்பட்டு, 'நான் யார்' என்று கேட்கிறவனின் உடம்பு அது. அங்கே நீலம் கொண்டாட்டம் இல்லை, காயம். தன்னை யாரென்று தானே சொல்லிக்கொள்கிறவனின் நிறம். என் வாசிப்பில் அதுதான் வலுவான பிரதி.

நீலத்தின் வலு எதிரிக்கும் தெரியும். 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் பதாயூனில் உடைக்கப்பட்ட அம்பேத்கர் சிலைக்குப் பதிலாகக் காவி உடுப்பில் ஒரு சிலை வைத்தார்கள். சில நாளில் அதற்கு நீலம் அடிக்கப்பட்டது. 2022 டிசம்பர் 6 அன்று கும்பகோணத்தில் அம்பேத்கருக்குக் காவி உடுத்தி, திருநீறு பூசிச் சுவரொட்டி ஒட்டினார்கள். சிலையை உடைப்பதை விட நிறத்தை மாற்றுவது அவர்களுக்கு லாபம்.

எனக்குள்ள கவலை அதைவிட நெருக்கமானது. நமக்குள்ளேயே பள்ளர், பறையர், அருந்ததியர் என்று ஆளுக்கொரு நிறத்தில் கயிறு திரிக்கிறோம். ஒரு கயிறு இன்னொரு கயிற்றின் தெருவுக்குள் போவதில்லை. தற்காப்புக்குத்தான் கட்டுகிறோம் என்கிற பையன்களின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீலத்தையும் ஒரு பிறப்பின் கயிறாகச் சுருக்கிவிட்டால், சாந்தி பருவம் விட்டுவைத்த ஐந்தாவது பங்கை நாமே கேட்டு வாங்கினதாக ஆகும்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு மருந்து கலக்கிறவர்கள் எங்க சனங்களில் நிறையப் பேர். ஸ்ட்ரான்ஷியத்தில் சிவப்பு வரும், பேரியத்தில் பச்சை வரும். நீலத்துக்குத் தாமிர உப்பு. நிறங்களிலேயே பிடிக்கக் கஷ்டமானது நீலம்தான். சூடு கொஞ்சம் கூடினால் வெளுத்துப்போகும். அரசியலிலும் அதற்கு அதே பக்குவம் வேண்டும். பையன் கையிலிருக்கும் கயிற்றை ஆசிரியர் அறுத்தால் மட்டும் போதாது. அந்தக் கையில் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.